அடுத்த பெண்ணுக்கு எது வழி

டீச்சர்,

இந்தப் பெண்ணின் துணி மூட்டையில் மருந்து வாசனை இல்லை. அதைக் கையில் வாங்கியதும் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. சொல்ல நீங்கள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்த வரிசை மாறவில்லை.

பெயர் அஞ்சலை. கடையின் பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காய்கறி லொறியில் ஏறி ஹட்டனுக்கு வந்திருக்கிறாள். பஜாரில் எந்தக் கடையில் பொம்பிளை நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நடந்து, எங்கள் ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டாள். சேலை எடுக்க வந்தவள் என்று நினைத்து நான் பாட்டுக்கு நாலு சேலையை விரித்துப் போட்டேன். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. உள்ளே உட்கார இடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். மூட்டையை வாங்கி வைத்தேன். கருவாட்டு வாசனையும், உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்த துணியின் வாசனையும்தான் வந்தன.

இந்தியப் பக்கத்து அக்கரை முகாம் வழியாக வருகிறவர்களின் துணி எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? மருந்துத் தண்ணீரில் முக்கி, புகை போட்டு அனுப்புவார்கள். மாதக் கணக்கில் போகாத வாசனை. ஊரிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுகிறது என்று சிரிப்பீர்கள். மூன்றாம் வகுப்புச் சீட்டில் இலங்கைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த முகாமில் தங்கி, டாக்டருக்கு உடம்பைக் காட்டி, யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேற வேண்டும் என்று இருந்த காலம் அது.

இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. இங்கே இருக்கிற அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையை விட்டு நிறுத்தியது. அங்கே இருக்கிற அரசாங்கம் கோபித்துக்கொண்டு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. சம்பந்திச் சண்டை மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். முகாமை மூடினால் ஆள் வருவது நின்றுவிடும் என்று நினைப்பு. தோணிக்காரன் என்ன, பேப்பர் படித்துவிட்டா தோணி விடுகிறான்? அஞ்சலை அப்படித்தான் வந்தாள். கூடவே அவள் தங்கை பாக்கியமும் வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வேலை என்று சொல்லிக் கூட்டி வந்தவன், மன்னார்க் கரையில் இறங்கியதும் அக்காளை ஒரு லொறியிலும் தங்கையை வேறொரு வண்டியிலும் ஏற்றிவிட்டான். அந்த வண்டி எந்தப் பக்கம் போனது என்று இவளுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு அடி கிடைத்தது. அதனால்தான் ஓடி வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரர் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், "செல்லாயியைக் கொண்டுபோய் விட்டியே, அதே மாதிரி இதையும் விட்டுட்டு வந்துரு." அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் செல்லாயி பெயரைக் கேட்டதும் எனக்கு, நீங்களும் நானும் போட்ட சண்டை பாதியில் நிற்கிறதே டீச்சர், அது ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் முதன்முதலில் கடைக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, வெள்ளைச் சேலையில், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கிழிந்த துண்டுத் துணி வேண்டும் என்று கேட்டீர்கள். வாங்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கடன் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கிழிசல் கேட்டு அதிகாரமாக வந்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்காரர் லயத்திலேயே பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே தோட்டத்துக்கு டீச்சராக வந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. என்னை அக்கா என்பீர்கள். வயதில் நான் எத்தனை பெரியவள் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடையில் கூட்டமில்லாத ஞாயிறுகளில் பின்கட்டில் உட்கார்ந்து, இந்த அடுப்பில்தான் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம்.

செல்லாயியையும் நீங்கள் இங்கேதான் கூட்டி வந்தீர்கள். வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற காலை நேரத்தில், மழையில் நனைந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாளாம். முசிறிப் பக்கத்துப் பெண். தோட்ட வேலை வாங்கித் தருவதாக ஊரில் ஒருவன் வந்து தாயிடம் பேசியிருக்கிறான். முத்தையன் என்று பெயர். உறவுக்காரர் துணையில்லாத பெண்ணை முகாமில் விடமாட்டார்கள். அதனால் வழியில் ஒரு சத்திரத்தில் வைத்து, மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றை அவள் கழுத்தில் கட்டிவிட்டான். ஆபீசர் கேட்டால் புருஷன் என்று சொல், மற்றபடி இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றானாம். தோட்டத்துக்கு வந்ததும் அவளை ஒரு கங்காணி வீட்டில் இறக்கிவிட்டு, அடுத்த ஆளைக் கொண்டுவர ஊருக்குத் திரும்பிவிட்டான். தண்ணீர் சுமப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது, சமைப்பது, அடி வாங்குவது, இது அவள் வேலை. போதாததற்குக் கங்காணியின் தம்பி வேறு கண் வைத்திருந்தான். வெளியே காலெடுத்து வைத்தால் முத்தையன் பெண்டாட்டி ஓடிப்போகிறாள் என்று லயமே திரும்பிப் பார்க்கும்.

உங்களுக்கு அங்கேதான் முதல் கோபம் வந்தது. கங்காணி மேல் வந்ததைவிட லயத்து ஜனங்கள் மேல் அதிகமாக வந்தது. தாலி ஏறிவிட்டால் அவள் அவன் பெண்டாட்டிதான், புருஷன் வருகிறவரை அவன் விட்ட இடத்தில் இருக்கவேண்டியதுதான் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அவளைக் கங்காணி வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்த நியாயம் அது. ஆபீசரை ஏமாற்றக் கட்டிய கயிற்றை அம்மன் சாட்சியாகக் கட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் அவள் ஓடி வந்தபோது நீங்கள் யாரையும் கேட்கவில்லை. உங்கள் குவாட்டர்சிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

பிறகு நம் படலம் ஆரம்பித்தது. ரயிலேறிப் போய் இக்கரை ஆபீசில் உட்கார்ந்தோம். இந்தியாவிலிருந்து வந்த ஜனங்களின் குறைகளைக் கேட்பதற்கென்று இருந்த ஆபீஸ். பெயரைச் சொல்லி இப்போது வம்பு எதற்கு? அந்த ஆபீசர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவர் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார், செல்லாயியைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அரசாங்கச் செலவில் ஊருக்கு அனுப்பலாம், தடையே இல்லை என்றார். உங்கள் முகம் மலர்ந்தது. கல்யாணம் ஆனவளா என்று அடுத்து கேட்டார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டது.

"கட்டினது கட்டினதுதாங்க."

அப்படியானால் புருஷனின் சம்மதம் வேண்டுமே என்றார். புருஷன் ஊரில் இருக்கிறான் என்றோம். அப்படியானால் அவனை அங்கே உள்ள அதிகாரிகள்தான் விசாரிக்கவேண்டும் என்றார். அங்கே உள்ளவர்களுக்கு நீங்கள் எழுதக்கூடாதா என்று கேட்டீர்கள். எழுதலாம், ஆனால் புகார் கொடுக்கிறவள் அங்கே இருக்கவேண்டும் என்றார். அவளை அங்கே அனுப்பத்தானே ஐயா வந்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

போலீசுக்கும் போனீர்கள். அவர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். இந்தக் கல்யாணம் பதியப்படவில்லை, ஆகவே இவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, விருப்பம்போல எங்கேயும் போகலாம் என்றார்கள். கட்டியவனைப் பிடிக்கக் கூடாதா என்றதற்கு, கட்டியது அக்கரையில் என்றார்கள். ஒரு கயிறு அந்தக் கரையில் தாலியாம், இந்தக் கரையில் வெறும் நூலாம். இரண்டு பக்கமும் அந்தப் பெண்ணுக்கு ஆகாததை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தது.

திரும்பி வருகிற ரயிலில், கயிற்றைக் கழற்றிவிடு என்று அவளிடம் கெஞ்சினீர்கள். அவள் கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கழற்றினால் அறுத்துப்போட்டவள் என்று பேர் வரும், அந்த ஆள் எப்படிப்பட்டவனானாலும் அவன் உயிருக்கு ஏதாவது வந்தால் பாவம் என்னைத்தான் சேரும் என்றாள். "உங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர், நீங்க கட்டிக்கலை" என்றும் சொல்லிவிட்டாள். உங்களுக்குச் சுருக்கென்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கழுத்துக்கும் அவள் கழுத்துக்கும் வித்தியாசம் இருந்ததாக எனக்கே தோன்றவில்லை.

அதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான், மறந்துவிடாதீர்கள். வீட்டுக்காரருக்குச் சுகமில்லை என்றால் எங்கள் பெண்கள் தாலியையே மாரியம்மன் உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். போட்ட கையோடு புதுக் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அது அறுத்ததாகாது, சாமிக்குக் கொடுத்ததாகும். செல்லாயியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவன் நல்லபடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, தன் கையாலேயே கழற்றி உண்டியலில் போட்டாள். புதுக் கயிறு எங்கே என்று என்னைப் பார்த்தாள். அதை நான் கொண்டுவரவில்லை. அம்மன் கேட்கும்போது கட்டிக்கொள்ளலாம் என்றேன். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், அழவில்லை. நீங்கள் கோயிலுக்கு வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும் குடையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பை அப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.

மறுபடி இக்கரை ஆபீஸ். மறுபடி நாற்காலி, காப்பி. இவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை என்றோம். நல்ல மனிதர் தலையைச் சொறிந்தார். அப்படியானால் முகாமில் பெண்டாட்டி என்று சொன்னது பொய்யாகிவிடுமே, பொய் சொல்லிக் கப்பலேறிய குற்றம் இவள் மேல் அல்லவா வரும் என்றார். முகாம்காரர்கள் தங்கள் பக்கத்தில் திருத்தினால்தான் தன் கை அவிழும் என்றார். முகாமுக்கு எழுதுங்கள் என்று உங்களிடமே சொன்னார். ஓர் அரசாங்க ஆபீஸ் இன்னோர் அரசாங்க ஆபீசுக்கு எழுதவேண்டியதை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதவேண்டுமாம். எழுதினீர்கள். ஒரு தடவையா, இரண்டு தடவையா?

அந்த நாட்களில்தான் முத்தையன் இன்னும் எத்தனை பேருக்கு மாப்பிள்ளை என்பது தெரிய வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வரும் பெண்களிடம் விசாரித்தீர்கள். அதே மஞ்சள் கயிறு, அதே சத்திரம், அதே ஆள். ஒவ்வொரு தடவையும் புதுப் பெண்டாட்டியோடு முகாமில் வந்து நின்றவனிடம், போன பெண்டாட்டி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று இக்கரை சொன்னால்தானே அக்கரைக்குத் தெரியும். அக்கரை கேட்கவில்லை, இக்கரை சொல்லவில்லை. ஆனால் முத்தையனுக்கும் கங்காணிக்கும் நடுவில் அப்படி ஒரு இடைவெளி இருக்கவே இல்லை. இங்கே எந்த வீட்டுக்கு ஆள் தேவை, அங்கே எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று இருவருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருந்தது. இடையில் கடல் இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. அரசாங்கங்களுக்குத்தான் அந்தக் கடல் அத்தனை பெரிதாக இருந்தது.

உங்கள் யோசனை ரொம்பச் சின்னது. பெண்டாட்டி என்றும் மகள் என்றும் சொல்லிக் கூட்டி வரப்படுகிற பெண்கள் சொன்ன இடத்தில், சொன்ன ஆளோடு இருக்கிறார்களா என்று இக்கரை போய்ப் பார்த்து அக்கரைக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். "இங்கேருந்து ஒருத்தர், அங்கேருந்து ஒருத்தர், அப்பப்ப ஒரே மேசையில உக்காந்து பேசினா போதுங்கக்கா" என்பீர்கள். அந்த மேசையை நம் கடையில் போட்டு நானே தேத்தண்ணி தருகிறேன் என்று கேலி செய்வேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதை உங்களிடம் மறைக்கவும் இல்லை.

அப்படித்தான் சண்டை வந்தது. முகாமிலிருந்து பதிலே வராமல் மழைக்காலம் ஒன்று முழுதாகப் போனபிறகு சொன்னேன், போதும், இவளை என் தங்கை என்று சொல்லி இரண்டாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறேன். இரண்டாம் வகுப்புச் சீட்டு வைத்திருக்கிறவர்களுக்கு முகாமும் கிடையாது, மருந்துத் தண்ணியும் கிடையாது. நகை போட்ட கடைக்கார அம்மாளையும் அவள் தங்கையையும் எவன் நிறுத்திக் கேட்கப் போகிறான்? நீங்கள் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"பொய் சொல்லித்தான் அவன் கொண்டாந்தான். நாமளும் பொய் சொல்லியே கொண்டுபோயிட்டா, அடுத்த பொண்ணுக்கு எதுங்கக்கா வழி?"

அடுத்த பெண்ணைப் பற்றி அடுத்த பெண் வரும்போது யோசிக்கலாம், இந்தப் பெண் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. உங்களோடு சண்டை போடுவதில் அதுதான் கஷ்டம். இவளைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால், நடந்தது எதுவும் எங்கேயும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், முத்தையன் அடுத்த கப்பலில் இன்னொருத்தியோடு வருவான் என்றீர்கள். உங்கள் பிடிவாதத்துக்கு ஒரு பெண்ணைப் பலி கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் கடைக்குள் போய்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை.

நீங்கள் வராததற்குக் காரணம் கோபமில்லை என்பது பிறகு தெரிந்தது. கங்காணி, தோட்டத்துத் தொரையிடம் போய், தன் கீழுள்ள ஆள்கட்டைச் சேர்ந்த பெண்ணை டீச்சர் அடைத்து வைத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஆட்களோடு வந்து, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் குவாட்டர்சிலிருந்து செல்லாயியைக் கூட்டிப் போய்விட்டார். மறுபடி ஓடிவிடக் கூடாதென்று கங்காணி அவளைக் கீழே பொல்பிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்த தன் உறவுக்காரன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கீழ்நாடெல்லாம் காய்ச்சல் பிடித்துக் கிடந்த வருஷம் அது. வீட்டுக்கு வீடு மனிதர்கள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். மேலே இருக்கிற நாங்கள் பஸ் கினிகத்தேனைக்குக் கீழே இறங்குகிறது என்றாலே ஏறமாட்டோம். நீங்கள் ஏறினீர்கள். போலீசில் ஒரு ஆளையாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று முயன்றீர்கள், கிடைக்கவில்லை. வீட்டைக் கண்டுபிடித்தீர்கள், செல்லாயியைப் பார்த்தீர்கள், அவளை வெளியே விட மறுத்தார்கள். உரிய ஆளோடு திரும்பி வருவேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்தீர்கள். வரும்போதே உடம்பு கொதித்ததாம்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது எனக்குத் திட்டத்தான் வந்தது. திட்டிக்கொண்டேதான் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "கடுதாசி வந்துச்சாக்கா?" என்று கேட்டீர்கள். வந்துவிடும் என்றேன். அவ்வளவுதான் டீச்சர் நாம் கடைசியாகப் பேசியது. வேறு ஏதாவது பேசியிருக்கலாம். ஆயுசுக்கும் போதுமான பேச்சு நம்மிடம் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன கடுதாசியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம்.

உங்களை அடக்கம் செய்த பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துணி மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிய ஆளோடு வியாபாரத்துக்குப் போகிறவள் மாதிரி பொல்பிட்டியவுக்கு இறங்கினேன். அந்த வீட்டில் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். தடுக்க ஒருவருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. செல்லாயி அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சியை ஊற்றி முடித்துவிட்டுத்தான் என்னோடு வந்தாள். என் பட்டுச் சேலை ஒன்றை உடுத்தி, இரண்டாம் வகுப்பில் தலைமன்னாருக்குக் கூட்டிப் போனேன். கப்பலேறுகிற இடத்தில் நின்ற சிங்கள உத்தியோகத்தர் அவளைப் பார்த்து, "நங்கித?" என்றார். "ஒவ், மகே நங்கி" என்றேன், ஆமாம், என் தங்கைதான். அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அக்கரையில் அதுகூடக் கேட்கவில்லை. இத்தனை நாள் நீங்கள் தட்டிக்கொண்டிருந்த கதவு எனக்கு அப்படித் திறந்தது. அவள் தாயிடம் விட்டுவிட்டு வந்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை, சொல்லிவிட்டேன்.

முகாமிலிருந்து பதிலும் வந்தது. நீங்கள் போய் மாதங்கள் கழித்து, உங்கள் பெயருக்கு. இந்த விஷயமாக இலங்கையில் உள்ள ஆபீசை அணுகவும் என்று இருந்தது. உங்களுக்குப் பதிலாக வந்த புது டீச்சர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன்.

இன்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னதை அஞ்சலையிடம் சொல்லிப் பார்த்தேன். என் தங்கை என்று சொல்லி ஊருக்குக் கூட்டிப் போய் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். பட்டுச் சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவள் சேலையைத் தள்ளி வைத்தாள். தங்கச்சி இல்லாமல் போகமாட்டேன் என்றாள். தங்கச்சியை எங்கே என்று தேடுவது, நான் ஒரு கடைக்காரி என்றேன். அவளைத் தேட இந்தக் கரையின் போலீஸ் மன்னாரில் விசாரிக்கவேண்டும். அந்தக் கரையின் போலீஸ் தோணி விட்டவனைப் பிடித்து, எந்த வீட்டுக்கு என்று கேட்கவேண்டும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும். அவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்ட இந்த நேரத்தில், இது யாரால் நடக்கிற காரியம் என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. செல்லாயியையாவது பொய்யாகவேனும் ஒருவனுக்குப் பெண்டாட்டி என்று ஒரு கரையில் எழுதி வைத்திருந்தார்கள். இந்த இரண்டு பெண்களும் இருப்பதாகவே எந்தக் கரைக்கும் தெரியாது.

என் பட்டுச் சேலை ஒரு பெண்ணைத்தான் கரை சேர்க்கும் டீச்சர். எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத பாக்கியத்துக்கு நான் எந்த வகுப்பில் சீட்டு எடுப்பேன்? உங்கள் கேள்விக்கு அன்றைக்கு நான் கத்தினேனே ஒழியப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக, கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதும் சாமி கும்பிடும்போதும், இறக்கி வைக்க இடமில்லாமல் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

நாளைக் காலை ரயிலில் இக்கரை ஆபீசுக்குப் போகிறோம். பழைய ஆபீசர் மாறிவிட்டார் என்கிறார்கள். யார் இருந்தாலும் நாற்காலியும் காப்பியும் கிடைக்கும். எப்படி வந்தாள் என்பார்கள், தோணியில் வந்தாள் என்பேன். அப்படியானால் கள்ளத்தனமாக வந்த குற்றம் இவள் மேல் அல்லவா என்பார்கள். இதை அஞ்சலையிடம் மறைக்காமல் சொன்னேன், ஜெயிலில்கூடப் போடலாம் என்றும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "என்னைப் புடிச்சு வெச்சுக்கட்டுங்கம்மா. புடிச்சா எழுதுவாங்கல்ல. எழுதும்போது கூட வந்தவ பேரும் எழுதணும்ல."

என்னிடம் நம்பிக்கை இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். உங்களிடமிருந்ததில் பாதிகூட இல்லை. எரிச்சல் மட்டும் நிறைய இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்காருவேன். இந்தத் தடவை இவள் என் தங்கை என்று நான் சொல்லப்போவதில்லை, டீச்சர். இவளுடைய தங்கை எங்கே என்று கேட்கப்போகிறேன்.